மற்றவர் போத்தலில் ஒரு மிடறு

'சொமெலியே' என்ற பிரெஞ்சுச் சொல்லை இப்போது கேட்டால் ஒரு உருவம் மனதில் வரும். கறுப்புக் கோட், மார்பில் முந்திரிகைக் குலைச் சின்னம், பழைய பாணிக்காரர் என்றால் கழுத்துச் சங்கிலியில் ஒரு தட்டையான வெள்ளிக் கோப்பை. பெரிய உணவகங்களில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் பொருந்தும் என்று சொல்வதும், நிலவறையில் இருக்கிற போத்தல்களைப் பார்த்துக்கொள்வதும் இவருடைய வேலை. ஆனால் அந்தச் சொல்லின் பூர்வீகம் அவ்வளவு மிடுக்கானது இல்லை. பழைய பிரெஞ்சில் பொதி சுமக்கிற மிருகங்களை ஓட்டிப்போகிறவனுக்குத்தான் அந்தப் பெயர். அரச குடும்பம் ஊர்விட்டு ஊர் போகும்போது சாமான்கள் பின்னால் போகும். அவற்றை ஓட்டிக்கொண்டு போனவன், பிறகு அவற்றுக்குப் பொறுப்பானவன், பிறகு சாப்பாட்டுக்கும் வைனுக்கும் பொறுப்பானவன் என்று பதவி மெல்ல மெல்ல உயர்ந்தது. என்ன உயர்ந்தாலும் ஒரு விஷயம் மாறவில்லை. சுமக்கிற பொருள் அவனுடையது இல்லை.

பழைய, அரிய வைன்களின் சுவை பற்றி உலகத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பது இன்றைக்கும் இதில்தான் தங்கியிருக்கிறது: போத்தல் யாருடையது, அதை யார் திறந்தார், யாருக்கு ஒரு மிடறு கொடுத்தார். இதை எழுதுகிற நான் 1945ஆம் ஆண்டு வைன் எதையும் குடித்ததில்லை, குடிக்கப் போவதும் இல்லை. ஆனால் அதைக் குடித்தோம் என்று நம்பினவர்களின் வரலாறு வாசிக்க வாசிக்க முடியாதது.

முதலில் ஒரு பொது நம்பிக்கையைத் தள்ளிவைப்போம். வைன் பழசாகப் பழசாகத் திறம் என்று சொல்வார்கள். உலகத்தில் விற்கிற வைனில் மிகப் பெரும்பகுதி சில வருசங்களுக்குள் குடிப்பதற்காகச் செய்ததுதான், வைத்திருந்தால் வீண். அமிலமும், தோலிலும் விதையிலும் இருந்து வருகிற துவர்ப்பும், சிலவற்றில் இனிப்பும் போதிய அளவு உள்ள கொஞ்ச வைன்கள் மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். துவர்ப்பைத் தருகிற டனின்களும் நிறத்தைத் தருகிற பொருட்களும் வருசக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து, பாரமாகி, அடியில் வண்டலாகப் படியும். வாயை இறுக்கிப் பிடித்த துவர்ப்பு மெத்தென்று ஆகும். ஊதாச் சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும். பழ வாசம் பின்னுக்குப் போய், தோல், புகையிலை, காளான், மழைக்குப் பிறகு காட்டில் கிடக்கிற சருகு மாதிரியான வாசங்கள் முன்னுக்கு வரும். பிறகு ஒருநாள் அதுவும் போய்விடும். எங்களுடைய பனங்கள்ளுக்கு இந்தப் பயணம் ஒரு பகலுக்குள் முடிந்துவிடுகிறது, காலையில் இனிப்பு, பின்னேரம் புளிப்பு. தவறணையில் ஒரு வாய் குடித்துவிட்டு எப்ப இறக்கின கள்ளு என்று சொல்லக்கூடிய நாக்குகளும் இருந்தன. அவர்களுடைய கழுத்தில் யாரும் வெள்ளிக் கோப்பை மாட்டிவிடவில்லை.

வைனைப் பழசாக்கிக் குடிக்கிற ஆசை உரோமர் காலத்திலேயே இருந்தது. கி.மு. 121ஆம் ஆண்டு அறுவடையை, அந்த வருசத்துக் கொன்சல் ஒபிமியுஸின் பெயரால் 'ஒபிமியன்' என்று கொண்டாடினார்கள். ஏறத்தாழ இருநூறு வருசம் கழித்துப் பிளினி எழுதும்போதும் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தேன் மாதிரி இறுகி, தனியே குடிக்க ஏலாத கசப்போடு. அதே நூற்றாண்டில் பெத்ரோனியுஸ் எழுதிய 'சத்திரிகோன்' என்ற நையாண்டிக் கதையில் ஒரு புதுப் பணக்காரர் வருகிறார். விருந்தாளிகளுக்கு முன்னால் அவர் கொண்டுவரச் சொல்கிற ஜாடிகளின் கழுத்தில் 'நூறு வயது ஒபிமியன்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. கதை நடக்கிற காலத்தைக் கணக்குப் பார்த்தால் ஒபிமியன் வைனுக்கு நூறு வயது இல்லை, அதைவிட எவ்வளவோ கூட. லேபிள் மோசடி பற்றிய பகிடிக்கே இரண்டாயிரம் வயது ஆகப்போகிறது! (யவனர் கொண்டுவந்த மது புறநானூற்றிலும் வருகிறது. அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடற்பக்கத்து வைன் ஜாடிகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு தூரம் கப்பலில் சூடுபட்டு வந்த வைன் பாண்டியனின் கையில் சேரும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கும்.)

உரோமப் பேரரசு விழுந்த பிறகு ஐரோப்பாவில் வைன் பெரும்பாலும் மரப்பீப்பாயில்தான் இருந்தது. அடுத்த அறுவடை வருவதற்குள் குடித்து முடிக்கவேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலைகளில் கனதியான கண்ணாடிப் போத்தல் செய்யப் பழகினார்கள். அதோடு தக்கையும் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் போத்தல் படுக்கவைத்து அடுக்கக்கூடிய வடிவத்துக்கு வந்தது. நிலவறை, தூசி, சிலந்திவலை என்று நாங்கள் படங்களில் பார்க்கிற அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

இனி சொமெலியேயின் கையைப் பார்ப்போம். நாற்பது, ஐம்பது வருசப் போத்தல் ஒன்றை ஒருவர் கேட்டால், முடிந்தால் ஒருநாள் முன்னமே அதை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்க விடவேண்டும். தக்கை பிட்டு மாதிரி உதிரும். அதனால் சுருளாணியைவிட இரண்டு தகடு உள்ள கருவியைப் பக்கவாட்டில் இறக்கி எடுப்பதுதான் பாதுகாப்பு. போத்தலின் கழுத்துக்குக் கீழே மெழுகுதிரி வெளிச்சம் படும்படி பிடித்து, வேறொரு கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே இழுப்பில் ஊற்றவேண்டும். வண்டல் கழுத்துக்கு வந்தவுடன் நிறுத்தவேண்டும். தக்கையை மூக்கில் வைத்து மணப்பது பாதி படம் காட்டல். உண்மையாகத் தேடுகிறது கிளாஸில் இருக்கிற ஈரமான மட்டைப்பெட்டி வாசம். தக்கையிலிருந்து இறங்குகிற ஒரு இரசாயனம் அதற்குக் காரணம். ஒரு லீற்றரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பழகின மூக்கு பிடித்துவிடும். அதைச் சரிபார்க்க என்று சொல்லி சொமெலியே தனக்கு ஒரு மிடறு ஊற்றிக்கொள்வார்.

அந்த மிடறுதான் அவருடைய பள்ளிக்கூடம். அந்தப் போத்தலை வாங்க அவருடைய சம்பளம் காணாது. வேறொருவரின் காசில் திறந்த போத்தலில் அவருக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்சத்தை ஞாபகத்தில் வைத்து, இன்னொரு வருசம் இன்னொரு மேசையில் கிடைப்பதோடு ஒப்பிட்டு, முப்பது வருசத்தில் ஒரு அறிவைச் சேர்க்கிறார். பரிஸில் எங்கட ஆக்கள் கனபேர் உணவகக் குசினிகளில் பாத்திரம் கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். இந்தச் சடங்கு நடந்துகொண்டிருந்தது அவர்களுக்கு ஒரு கதவு தள்ளித்தான். அவர்களிடம் வந்துசேர்ந்தது கழுவவேண்டிய கிளாஸ்.

மேசைக்கு வருகிற போத்தலின் பெருமையை யார் தீர்மானித்தது? பொர்தோ வைன்களுக்கு இன்றும் சொல்கிற தரவரிசை 1855இல் வந்தது. பரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. பொர்தோவின் வைன் தரகர்கள் அதைப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் அதற்காக வரிசையாகக் கிளாஸ் வைத்துச் சுவைத்துப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்து வைன் எவ்வளவு விலைக்குப் போகிறது என்ற தங்கள் கணக்கைப் பார்த்தே எழுதினார்கள். முதல் வகுப்பில் நாலு பெயர்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன். 1973இல் மூத்தோன் ரொத்ஷில்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து மேலே ஏறியது. மற்றப்படி நூற்றெழுபது வருசத்தில் பட்டியலில் பெரிய மாற்றம் இல்லை. விலையைப் பார்த்துத் தரம், தரத்தைப் பார்த்து விலை என்று சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சக்கரத்தில் ஒருமுறை கல் விழுந்தது. 1976 மே 24. பரிஸில் வைன் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயரும் அவரோடு வேலை செய்த பற்றீசியா கலகர் என்ற அமெரிக்கரும், அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டைச் சாட்டாக வைத்து, கலிபோர்னிய வைன்களைச் சுவைக்க ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் சாதாரண ஆக்கள் இல்லை. ரொமானே கொந்தித் தோட்டத்தின் பங்காளி ஓபேர் டு வில்லேன், வைன் சஞ்சிகை ஆசிரியர் ஓடெத் கான், 'லு கிரான் வெஃபூர்' உணவகத்தின் ரேமொன் ஒலிவியே, 'லா தூர் தார்ஜோன்' உணவகத்தின் தலைமைச் சொமெலியே கிறிஸ்தியான் வன்னெக்கே. இந்த 'லா தூர் தார்ஜோன்' 1940இல் ஜேர்மன் படை பரிஸுக்குள் வந்தபோது தன் நிலவறையின் நல்ல பகுதியைச் சுவர் எழுப்பி மறைத்த உணவகம். அங்கே தலைமைச் சொமெலியே என்றால் பிரான்சின் வைன் ஞாபகத்தில் ஒரு பங்கு அவருடைய தலைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பரியர் கலிபோர்னியப் போத்தல்களுக்கு நடுவில் பிரான்சின் பெரிய பெயர்களையும் கலந்து, லேபிளை மறைத்துக் கொடுத்தார். வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து. ஒவ்வொன்றிலும் ஆறு கலிபோர்னியா, நாலு பிரான்ஸ். இருபதுக்குப் புள்ளி. செய்தியாளர்களில் வந்தது 'டைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர் ஒருவர் மட்டும். அவருடைய கையில் எது எந்தப் போத்தல் என்ற பட்டியல் இருந்தது. அதனால் நடந்த பகிடி முழுவதையும் அவரால் பார்க்க முடிந்தது: நாப்பாப் பள்ளத்தாக்கு வெள்ளை வைன் ஒன்றைக் குடித்துவிட்டு ஒலிவியே பிரான்சுக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். பேர்கண்டியின் பெரிய பெயர் ஒன்றை இன்னொருவர் கலிபோர்னியா என்று ஒதுக்கினார். முடிவில் வெள்ளையில் முதலிடம் ஷதோ மொன்டெலினா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973. இரண்டும் கலிபோர்னியா. வெள்ளையில் ஒன்பது நடுவர்களில் ஒருவர்கூடத் தன் முதலிடத்தைப் பிரெஞ்சு வைனுக்குக் கொடுத்திருக்கவில்லை. ஓடெத் கான் தன்னுடைய புள்ளித்தாளைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை.

நிபுணர்களின் நாக்கு பொய் என்று நிரூபிக்கத்தான் இந்தக் கதையைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அன்றைக்கு நாக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முன்னால் வைத்ததில் நல்லதை நல்லது என்றது. பிழைத்தது, நல்லது எங்கிருந்து வரவேண்டும் என்று தலைக்குள் இருந்த வரைபடம். 2001இல் பொர்தோவில் வெளியிட்ட ஒரு ஆய்வையும் இப்படித்தான் திரித்துச் சொல்வார்கள். வெள்ளை வைனில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து ஐம்பத்துநாலு பேருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்கு வழக்கமாகச் சொல்கிற சொற்களால் அதை விவரித்தார்கள். இணையத்தில் இவர்கள் 'சொமெலியேக்கள்' ஆகிவிட்டார்கள். உண்மையில் அவர்கள் வைன் தயாரிப்புப் படிக்கிற மாணவர்கள். கண் பார்த்ததை மூக்கு பின்தொடர்கிறது என்பதுதான் அங்கே தெரிந்தது. எங்கள் எல்லாருக்கும் நடக்கிற விஷயம்தான்.

பரிஸ் முடிவுக்குப் பிரான்சில் சொன்ன பதில் ஒன்று கொஞ்சம் நியாயமாகவும் இருந்தது. பொர்தோ மெதுவாக முதிர்கிற வைன், 1970 அறுவடையை ஆறு வருசத்தில் குடித்தால் என்ன தெரியும், இருபது முப்பது வருசம் போகட்டும், அப்ப பாப்பம் என்றார்கள். சரி, பார்த்தார்கள். 2006 மே 24 அன்று, அதே சிவப்பு வைன்களை லண்டனிலும் நாப்பாவிலும் ஒரே நாளில் மறைத்துவைத்துச் சுவைத்தார்கள். முதலிடம் ரிட்ஜ் மொன்டே பெல்லோ 1971. முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு. 1976இல் சிவப்பில் இரண்டாவதாக வந்த மூத்தோன் 1970 ஆறாவது. முப்பது வருச வயதை வைத்துச் சொன்ன வாதமும் முப்பது வருசத்தில் முடிந்தது.

ஆனால் இந்த மாதிரிச் சோதனை, போதிய போத்தல்கள் மிஞ்சியிருக்கிற வைன்களில்தான் நடக்கும். இன்னும் பழசுக்கு, இன்னும் அரிதுக்குப் போகப்போக ஒப்பிடவே வழியில்லாமல் போகிறது. 1945 ரொமானே கொந்தியில் செய்ததே அறுநூறு போத்தல் அளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 2018இல் நியூயோர்க்கில் அதில் ஒரு போத்தல் 558,000 டொலருக்குப் போனது. இப்படி ஒன்றை எத்தனை பேர் குடித்திருப்பார்கள்? குடித்த நாலைந்து பேர் சொல்வதைத்தான் மற்றவர்கள் நம்பவேண்டும்.

அந்த நாலைந்து பேரில் ஒருவராக ஒரு இளம் சொமெலியே எப்படி ஆகலாம்? பரீட்சை இருக்கிறது. 'மாஸ்டர் சொமெலியே' பட்டத்துக்கான முதல் பரீட்சை 1969இல் லண்டனில் நடந்தது. சுவைப் பகுதியில் ஆறு வைன், இருபத்தைந்து நிமிடம். எந்த முந்திரிகை, எந்த நாடு, எந்த ஊர், எந்த வருசம் என்று வாயால் சொல்லவேண்டும். எத்தனையோ பேர் வருசக்கணக்கில் எழுதியும் சித்தியடையவில்லை. படிக்கப் புத்தகம் உண்டு, ஆனால் ஞாபகத்தில் வைக்கவேண்டிய சுவைக்குப் போத்தல் வேண்டும். போத்தலுக்குக் காசு வேண்டும், அல்லது காசுள்ளவரின் மேசையில் இடம் வேண்டும், அல்லது ஏற்கனவே பட்டம் பெற்ற ஒருவர் தயவில் சுவைக் கூட்டங்களுக்குள் நுழையவேண்டும். அந்தத் தயவின் விலை என்ன என்பது 2020 ஒக்டோபரில் வெளியே வந்தது. அமெரிக்காவில் இந்தப் பட்டத்துக்காகப் படித்த, அந்த வட்டத்தில் வேலை செய்த 21 பெண்கள், பட்டம் பெற்ற ஆண்களால் தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லைகளை 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையிடம் சொன்னார்கள். படிப்பிக்கிறவர், பரீட்சகர், பரிந்துரைக்கிறவர், போத்தல் திறக்கிறவர் எல்லாம் ஒரே சின்னக் கூட்டமாக இருந்தால் 'இல்லை' என்று சொல்கிற பெண்ணுக்குப் பள்ளிக்கூடமே மூடிவிடும். அதற்கு இரண்டு வருசம் முன்னம், 2018இல், அதே அமைப்பின் பரீட்சகர் ஒருவர் வைன்களின் விபரத்தை முன்கூட்டியே கசியவிட்டதால் 23 பேரின் சுவைப் பரீட்சை முடிவு இரத்தாகியிருந்தது. பத்திரிகைகள் அதற்கும் நிறைய இடம் கொடுத்தன. எனக்கு அது சின்னக் கதையாகத்தான் தெரிகிறது.

கதவைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்த ஒருவரும் இருந்தார். ஜேர்மனியில் இசைத் துறையில் இருந்துவிட்டு வைனுக்கு வந்த ஹார்டி ரோடன்ஸ்டொக். அவருடைய உண்மைப் பெயரும் அது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1985இல் பரிஸில் ஒரு பழைய வீட்டின் சுவருக்குப் பின்னால் 18ஆம் நூற்றாண்டுப் போத்தல்கள் கிடைத்தன என்றார். சிலவற்றில் 'தி.ஜெ.' என்று ஆங்கில எழுத்தில் செதுக்கியிருந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தோமஸ் ஜெஃபர்சனுடைய வைன் என்பது கதை. வீடு எது என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அந்த டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் 1787 லஃபீத் ஒன்று 105,000 பவுண்டுக்குப் போனது. அதுவரை ஒரு போத்தல் வைனுக்குக் கொடுத்த ஆகக்கூடிய விலை. சுத்தியலைத் தட்டினவர் மைக்கல் புரோட்பென்ட், பழைய வைன் சுவைப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு மிஞ்சின ஆள் இல்லை என்று மதித்தவர். வாங்கினவர்கள் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்குச் சூட்டில் தக்கை சுருங்கிப் போத்தலுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

ரோடன்ஸ்டொக் போத்தல்களை விற்றது மட்டும் இல்லை. நாள்கணக்கில் நீள்கிற விருந்துகள் வைத்து, உலகத்தின் பெரிய எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் கூப்பிட்டு, வேறு எங்கும் கிடைக்காத பழைய வைன்களை இலவசமாக ஊற்றினார். புரோட்பென்ட் எழுதிய 18ஆம் நூற்றாண்டு வைன் குறிப்புகளில் பல அந்த மேசைகளில் இருந்து வந்தவை. நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு உலக வைன் விலையையே ஆட்டிவைத்த ரொபர்ட் பார்க்கர், 1995இல் மியூனிக் விருந்தில் ஊற்றின பெரிய போத்தல் பெத்ருஸ் 1921க்கு நூற்றுக்கு நூறு கொடுத்தார். அந்த வருசத்தில் அந்த அளவுப் போத்தலில் பெத்ருஸ் அடைத்ததா என்பதே பிறகு சந்தேகமானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். 1787 வைன் எப்படி இருக்கும் என்ற அறிவு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ரோடன்ஸ்டொக் கொடுத்த போத்தலிலிருந்து. அவருடைய அடுத்த போத்தல் உண்மையா என்று எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? அதே அறிவை வைத்து. குடித்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, மடையர்களும் இல்லை. ஒப்பிட வேறு எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

ஜெஃபர்சனின் வீட்டை நூதனசாலையாகப் பராமரிக்கிற மொண்டிசெல்லோவில் ஒரு ஆய்வாளர், ஏலத்துக்கு முன்னமே சந்தேகம் சொல்லியிருந்தார். அவர் அந்த வைனைக் குடித்தவர் இல்லை. ஜெஃபர்சன் ஒவ்வொரு செலவையும் எழுதி வைக்கிற மனிசன், அந்தக் கணக்குகளில் இந்த வைன்கள் இல்லை என்றார். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 2005இல் பில் கோக் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர், தான் அரை மில்லியன் டொலர் அளவில் வாங்கிய நாலு 'ஜெஃபர்சன்' போத்தல்களை நூதனசாலைக் கண்காட்சிக்குக் கொடுக்கப் போனபோது மூலச் சான்று கேட்டார்கள். சான்று இருக்கவில்லை. அவர் முன்னாள் எஃப்.பி.ஐ. ஆட்களைப் பிடித்து விசாரித்தார். எழுத்தைச் செதுக்கினது மின்கருவி என்று நிபுணர்கள் சொன்னார்கள். பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் ஒருவர் போத்தலைத் திறக்காமலே, அணுகுண்டுக் காலத்துக்குப் பிறகு பூமி எங்கும் பரவின சீசியம்-137 அதில் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அதாவது வைன் 1945க்கு முந்தியது, அவ்வளவுதான் அந்தச் சோதனையால் சொல்ல முடிந்தது. 2006இல் கோக் வழக்குப் போட்டார். ரோடன்ஸ்டொக் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. குற்றச்சாட்டை மறுத்தபடியே 2018இல் இறந்தார்.

அடுத்தவர் இன்னும் கெட்டிக்காரர். இந்தோனேசியாவிலிருந்து மாணவராக அமெரிக்கா வந்த ரூடி குர்னியவான். ரொமானே கொந்தி மேல் இருந்த பித்தால் 'டொக்டர் கொந்தி' என்று பட்டப்பெயர். அவருடைய நாக்கு உண்மையிலேயே திறமானது என்று ஏமாந்தவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். நியூயோர்க் உணவகங்களில் பெரிய பெரிய போத்தல்களைத் திறந்து கூட்டாளிகளுக்கு ஊற்றுவார். வெறும் போத்தல்களை ஞாபகத்துக்கு வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பச் சொல்வார். 2006இல் ஒரே ஏலத்தில் அவருடைய வைன்கள் 24.7 மில்லியன் டொலருக்குப் போயின. 2008 ஏப்ரலில் இன்னொரு ஏலத்தில் பேர்கண்டியின் பொன்சோ குடும்பத்தின் 'குளோ சென் டெனி' வைன்கள் வந்தன. ஆகப் பழசு 1945. அந்தக் குடும்பத்து லோறன் பொன்சோ பிரான்சிலிருந்து விமானம் ஏறி நேரே ஏல மண்டபத்துக்கு வந்தார். காரணம் எளிது: அவர்களுடைய குடும்பம் அந்தத் தோட்டத்தில் வைன் செய்யத் தொடங்கினதே 1980களில்தான்.

2012 மார்ச்சில் எஃப்.பி.ஐ. கலிபோர்னியாவில் குர்னியவானின் வீட்டுக்குள் போனபோது கிடைத்தவை: கட்டுக்கட்டாக அச்சடித்த லேபிள்கள், இறப்பர் முத்திரைகள், தக்கைகள், தண்ணீரில் ஊறவைத்த போத்தல்கள், எந்த நாப்பா வைன் எந்தப் பழைய பொர்தோவாக மாறப்போகிறது என்று குறித்த குறிப்புகள். பொதுவாகச் சொன்னால் அது ஒரு குசினி. 2014 ஓகஸ்ட்டில் பத்து வருசத் தண்டனை. 2021இல் நாடு கடத்தினார்கள். 2023இல் சிங்கப்பூரில் தனி விருந்து ஒன்றில், பணக்கார விருந்தாளிகளுக்கு முன்னால் உண்மையான வைனையும் தான் கலந்த 'பிரதியையும்' சேர்த்து ஊற்றினாராம், பலருக்குப் பிரதிதான் கூடப் பிடித்ததாம் என்று செய்திகள் வந்தன. 1976இன் நிழல் அதில் விழுகிறது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பரியர் போத்தலை மறைத்தது, பெயரில்லாத ஒரு தோட்டக்காரனின் உழைப்பு தெரியவேண்டும் என்பதற்காகவும்தான். குர்னியவான் லேபிளை ஒட்டினது, ஒரு தோட்டக்காரனின் உழைப்பைத் தன் குசினிக்குள் கரைக்க.

1976இல் அந்த மேசையில் இருந்த சொமெலியே வன்னெக்கேக்குப் பிறகு என்ன நடந்தது என்று தேடினேன். 2011இல் அவர் 1811ஆம் ஆண்டு ஷதோ திக்கெம் ஒரு போத்தலை 75,000 பவுண்டுக்கு வாங்கினார். வெள்ளை வைன் போத்தல் ஒன்றுக்கு அதுவரை இல்லாத விலை. 1811 வானத்தில் பெரிய வால்வெள்ளி தெரிந்த வருசம். அந்த அறுவடைக்கு 'வால்வெள்ளி வைன்' என்றே பெயர். பாலியில் இருந்த தன்னுடைய உணவகத்தில் துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் அதை வைத்தார். திருப்பி விற்பதற்கு இல்லை, தான் சொமெலியேயாகி ஐம்பது வருசம் நிறைகிற 2017இல் திறந்து குடும்பத்தோடு குடிக்கப் போகிறேன் என்றார். காசைக் கொட்டின கதைதான், தெரியும். ஆனாலும் வாழ்நாள் முழுக்க மற்றவர் போத்தலில் மிடறு எடுத்தவர் ஒரு முழுப் போத்தலைத் தன் பெயரில் வைத்திருந்தார் என்பதை என்னால் இலேசாகக் கேலி செய்ய முடியவில்லை.

குர்னியவானின் நிலவறையில் எல்லாமே போலி இல்லை. அமெரிக்க அரசு நிபுணர்களை வைத்துக் கண்ணாடி, கடதாசி, மை, பசை பார்த்துப் பிரித்தது. உண்மை என்று கண்ட ஆயிரக்கணக்கான போத்தல்களை ஏலத்தில் விற்று, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். போலி என்று கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட போத்தல்களை 2015 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு குப்பை நிலையத்துக்குக் கொண்டுபோய் இயந்திரத்தால் நசுக்கினார்கள். கண்ணாடியும் பெட்டிகளும் மறுசுழற்சிக்குப் போயின. உள்ளே இருந்த வைனைப் பசளைக் குவியலில் ஊற்றினார்கள்.